லாபம், ரெண்டு, மூணு

மண்டபம். கச்சான் ஓய்ந்த பின்மாலை.
மைனஸ் எண்பதில் உறைபெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது.
உள்ளே நாற்பது பேரின் பிளாஸ்மா.
நாற்பது குழாய், நாற்பது எண்.
பெயர்கள் ஓர் உறையில்,
உறை அப்பாஸின் மேசை இழுப்பறையில்,
சாவியை அவர் வேதாளைக்கே கொண்டுபோய்விடுவார்.
யார் எவரென்று எனக்குத் தெரியக்கூடாது.
ஆய்வின் நேர்மை அப்படித்தான்:
கண்ணைக் கட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பது.

மூளைக்கு வயதாவதை இருபத்தாறு வருடமாகப் படிக்கிறேன்.
பெரும்பாலும் எலிகளின் மூளை.
நீல ஒளியில் வைத்தால்
கிழட்டு நரம்பணுக்குள் மஞ்சளும் பழுப்புமாய் ஒன்று மினுங்கும்,
செரிக்க முடியாமல் செல் ஒதுக்கிவைத்த குப்பை.
அது அழகாக இருக்கும் என்பதை
எந்தக் கட்டுரையிலும் நான் எழுதியதில்லை.
டாவ் என்றொரு புரதம்,
நரம்புக்குள் தண்டவாளக் கட்டைபோலக் கிடப்பது,
ஒருநாள் கழன்று தன்னோடு தானே முறுக்கிக்கொள்ளும்.
பேட்டிக்கு வந்த பத்திரிகைக்காரர்
"வலைச்சிக்கல் மாதிரி" என்று குறித்துக்கொண்டார்.
ஊருக்குப் பொருத்தமாக இருந்தது அவருக்கு.
நான் மறுத்தேன்.
வலையில் ஒவ்வொரு முடிச்சும் யாரோ நினைத்துப் போட்டது.
இது அப்படியில்லை.

சின்னப்பாலத்தில் ரத்தம் எடுத்த அன்று
தண்ணீர் தெளிந்து கிடந்தது.
கொடுத்தவர்கள் கொடுத்த கையோடு பாசிக்குப் போனார்கள்,
ஒருத்தி கொடுக்காமலே.
முப்பத்தொன்பதில் நின்றது.
நாற்பதாவதாக என் கையை நீட்டினேன்.
"டாக்டர், உங்க நரம்பு ஓடி ஒளியுது" என்றார் அப்பாஸ்.

இருபத்து மூன்றாம் குழாயில் அந்த எண் வந்தது.
மற்றதெல்லாம் கரையோரம் நிற்க
அது மட்டும் ஆழத்துக்குப் போயிருந்தது.
கிட்டைக் குறை சொன்னேன். மின்சாரத்தைக் குறை சொன்னேன்.
மூன்றாம் முறையும் அதுவே.
ஒற்றை எண் நோய் ஆகாது, வகுப்பில் நானே சொல்வதுதான்.
அன்றிரவு பால் பொங்கி அடுப்பு அணைந்தது.
பூட்டினேனா என்று பார்க்க இரண்டு தரம் படியேறினேன்.
போன மாதம் பிப்பெட் என்ற சொல் வராமல்
"அந்த, அந்த உறிஞ்சி" என்று கை நீட்டியது ஞாபகம் வந்தது.
எனக்கு ஐம்பத்து மூன்று.

பதினோரு நாள்.
பகுப்பாய்வு முடிந்தது, இனிப் பிரிக்கலாம் என்று
அப்பாஸ் சாவியை வைத்தார்.
நான்: பதினேழு.
இருபத்து மூன்று: நம்புராணி, வயது நாற்பத்தாறு, பாசி எடுப்பவர்.

நிம்மதி வந்தது.
நெஞ்சு நிறைய, கூச்சமே இல்லாமல் வந்தது.
அது கலைய எத்தனை நொடி ஆயிற்று என்று அளக்கவில்லை,
மற்ற எல்லாவற்றையும் அளக்கிறவள்.

படிவத்தைத் தேடி எடுத்தேன்.
'முடிவு தெரிய விரும்புகிறீர்களா?'
வேண்டாம் என்ற கட்டத்தில் ஒரு டிக்.
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே போட்டது,
அழுத்தத்தில் காகிதம் கிழிந்திருந்தது.
"தெரிஞ்சா மட்டும் கடலு லீவு விடுமா?"
அவள் அன்றைக்குக் கேட்டபோது நானும்தான் சிரித்தேன்.

சனிக்கிழமை கட்டக்கோரை வாங்கப் போகிறேன்.
அதன் சாற்றில் டாவின் முறுக்கு கொஞ்சம் தளர்கிறது,
குழாயில் மட்டும். எலியில் இன்னும் இல்லை.
அளந்து தருவதும் அவள்தான்.
முக்குளிக்கும் கண்ணாடி நெற்றியில், காதோரம் உப்பு,
ஈரக் குவியலிலிருந்து கூடை கூடையாகக் கொட்டுகிறாள்.
"லாபம், ரெண்டு, மூணு..."
நோட்டை மூடிவிட்டுக் கேட்கிறேன்.
"...ஆறு, ஏழு, ஒம்போது."

எட்டு ஆகாது என்று சொல்லாமல் தாண்டுகிறவர்கள் உண்டு.
இவள் எப்போதும் தாண்டுவாளா?
ஆறு வருடமாக இவளிடம் வாங்குகிறேன்.
ஒருமுறையும் காது கொடுத்ததில்லை.

"என்ன டாக்டரம்மா, கணக்கு இடிக்குதா?"

இல்லை என்கிறேன்.
ஒன்பது கூடைக்குப் பணம் எடுத்துத் தருகிறேன்.
எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.