காந்தம் விழுந்த இடங்கள்

மாங்குளத்தில் இருந்து பாண்டியன்குளத்துக்கு
மோட்டார் சைக்கிளில் போனேன். பின் சீற்றில் கட்டிய ஜாக்கி,
சேட்டுப் பைக்குள் துணி சுற்றிய காந்தம்.
பேர்கனில் இருக்கும் குகதாசன் அண்ணை
ஐயாயிரம் ரூபா அனுப்பியிருந்தார், கூடவே ஒரு படிவம்.
நாற்பத்திரண்டு கேள்வி. ஆம், இல்லை,
பெட்டிக்குள் சரி போடவேண்டும்.
"தம்பி, நான் அங்க இல்லை. நீதான் என்ர கண்."

கண் போதாது அண்ணை. பழைய காருக்கு மூக்கும் வேணும்.

மொறிஸ் மைனர். ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஸ்ரீ நம்பர்.
கொட்டிலுக்குள் நின்றது.
பொனற்றில் ஒரு பேடு, கலைத்தாலும் இறங்கவில்லை.
கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணம்,
முப்பது வருடமாகியும் போகாத மணம்.
பெற்றோல் வராத காலத்தில்
காபரேற்றரின் வாயில் சூப்பிப் போத்தலால்
இரண்டு சொட்டுப் பீச்சி எழுப்பிவிட,
மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய எஞ்சின்.
எரிபொருள் எது என்று படிவம் கேட்டது.
பெற்றோல் என்று சரி போட்டேன். கார் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே சாக்கு விரித்துப் படுத்தேன்.
வலப்பக்கத் தரைத்தகட்டில் துரு, விரல் உள்ளே போனது.
பின் வில்லுத்தகடு தொங்குமிடத்தில்
யாரோ தண்ணீர் ட்றம் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.
நல்ல ஒட்டு. ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர்
பாதியாய், தலைகீழாய், இன்னும் வாசிக்கலாம்.
எஞ்சின் நம்பரும் புத்தகமும் ஒன்று.
அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

பிறகு காந்தம்.
தகடென்றால் பிடிக்கும். புட்டி அடைத்த இடத்தில்
பிடிமானம் இல்லாமல் கையில் விழும்.
இடது பின்கதவில் விழுந்தது.
அதற்கு ஒரு சாண் கீழே விழுந்தது.
கூரையில் ஒரு கையகலத்துக்குள் மூன்று தரம்.
வாய்க்குள் எண்ணிக்கொண்டு சுற்றிவந்தேன்: ஒன்பது.
"பதினொண்டு" என்றா பத்மலோஜினி அக்கா
அரிசி களைந்தபடி, திரும்பிப் பாராமல்.
"டிக்கி மூடியில ஒண்டு. மற்றது பின் சீற்றுக்குக் கீழ.
அதை நாங்கள் அடைக்கேல்லை."

சீற்றைத் தூக்கினேன்.
ஐந்து ரூபாக் குற்றி அளவு. அதற்குள்ளால் நிலம்.
நிலத்தில் ஓர் எறும்பு, அவசரமாக.
அந்தச் சீற்றில் யார் இருந்தது என்று கேட்கவில்லை.
நாற்பத்திரண்டில் அது இல்லை.

இருபத்தேழாவது கேள்வி:
வாகனம் விபத்தில் சிக்கியதா?
ஆம் என்றால் விலை இறங்கும்.
இல்லை என்றால் நான் பொய்யன்.
இரண்டு பெட்டிக்கும் நடுக்கோட்டில்
பேனை ஒரு பொட்டு மை விட்டது.

ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம் என்றேன்.
ஈரக் கையைச் சீலையில் துடைத்து அக்காவே ஏறினா.
முன்னால் கம்பியை விட்டு நான் சுழற்ற
மூன்றாம் சுற்றில் இருமி, பிடித்து, நின்று ஓடியது.
பேடு அப்போதுதான் இறங்கியது.

"காரைப் பாத்திட்டீர்," என்றா, சத்தத்துக்கு மேலால்.
"உங்கட ஆளை ஆர் பாத்தது?"

அவ சொல்லச் சொல்ல ரைப் பண்ணினேன்.
இரண்டாம் கியர் தேய்ந்தது,
கிளச்சை இரண்டுதரம் மிதித்து இறக்க அவருக்குத் தெரியுமோ?
வருசத்தில எத்தினை நாள் இஞ்ச நிப்பார்?
மிச்ச நாளில ஆர் எடுத்து ஓடுறது?
கலியாணத்துக்கு வாடகைக்கு விடட்டும்,
ஆனால் பூவை ரேப்பால ஒட்டவிடாதேங்கோ, பெயின்ற் உரியும்.
புட்டியைக் கிண்டிப்போட்டுப் புதுத்தகடு அடிப்பாரோ?

இந்தக் கடைசிக் கேள்விக்கு
எந்த விடை வேணும் என்று அக்காவும் சொல்லவில்லை.

அனுப்பினேன். பேர்கனில் இன்னும் விடிந்திராது.
ஒரு சரி விழுந்தது, சாம்பல் நிறத்தில்.
மற்றது வரட்டும் என்று
எஞ்சினை நிப்பாட்டாமலே இருந்தா அக்கா,
இரண்டு கையும் ஸ்ரியறிங்கில்.
பெற்றோல் விலையைச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.