ஐந்தாவது எலும்பு

பகல் முழுக்க நான் சொல்வது ஒரே சொல்:
அசையாதீங்க.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை,
தோளில் ஈயக் கவசத்தின் கனம்.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
விட்டுடலாம்.
இரண்டுக்கும் நடுவில் நடப்பதை
யாரும் பார்த்ததில்லை, நானும்.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில்
டயர் கடை மாடியில்
அதே வாய்க்கு வேறு சொல்.
வேகம், இன்னும் வேகம்.
விங் சுன்னில் அதற்குச் சங்கிலிக் குத்து என்று பெயர்:
ஒரு முஷ்டி திரும்பும் வழியிலேயே
மற்றது கிளம்பிவிட வேண்டும்,
மூக்குக்கு நேரே, நடுக்கோட்டில்,
சுண்டுவிரல் பக்கத்து மூன்று கணு படும்படி.

அற்புதநாதன் முதுநகர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
பத்து நொடிக்கு எழுபத்தொன்று.
போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி,
அப்புறம்தான் எண்ண முடியும்.
எனக்கு முப்பத்தெட்டு.
"அக்கா, ஃபிலிம் காயறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்பான்.
ஃபிலிம் காய்ந்த காலமெல்லாம் போயாச்சு என்று
நான் வாய் திறப்பதற்குள்
நாலு குத்து என் தாவாங்கட்டைக்கு
ஒரு விரற்கடை முன்னால் வந்து போயிருக்கும்.

ஆனால் அவன் முழங்கை.
குத்து கிளம்புமுன் ஒரு நெல்லளவு மேலே எழும்.
எலும்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு
அது தண்டோரா.
விழுப்புரம் பாசஞ்சருக்கு கேட் போடுவது மாதிரி
முதலில் முழங்கை, அப்புறம் தோள்,
அதற்கும் பிறகுதான் ரயில்.
எத்தனை என்பதில் இல்லை வேகம்,
எப்போது கிளம்பியது என்று தெரியாமலிருப்பதில் இருக்கிறது என்று
ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தேன்.

எட்டாம் நாள்
கேட் போட்டதைப் பார்த்தேன்.
தோளையும் பார்த்தேன்.
ரயில் என் காரை எலும்பில் ஏறியது.
தெரிந்து என்ன,
கை அங்கே போய்ச் சேர வேண்டாமா?
அன்றிரவு குக்கரின் இரண்டு விசிலுக்கு நடுவே
எத்தனை வருகிறது என்று
சமையலறைக் காற்றைக் குத்தினேன்.
ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கட்கிழமை,
டோக்கன் நாற்பத்திரண்டு, வலது கை:
அற்புதநாதன்.
சுவரில் மாட்டிய மணல் பை நனைந்து
கல்லாகக் கிடந்ததாம்.
"எழுபத்தஞ்சு வந்துச்சுக்கா, கடைசி ஒண்ணுலதான்..."
கையை விரித்து வை. அசையாதே.
அசைந்தான்.
முதல் படம் கலங்கியது.
இரண்டாவதிலும் அந்த விரல்கள்
இல்லாத எதையோ தட்டிக்கொண்டிருந்தன.
வெளியே வரிசை கதவைத் தட்டியது.

கவசத்தோடு போய்
அவன் மணிக்கட்டின் மேல் என் கையை வைத்தேன்,
ஒட்டுக்கைப் பயிற்சியில் வைப்பதுபோல,
அமுக்காமல், விடாமல்.
தோலுக்கு அடியில்
சுவிட்சை அணைத்த பின்னும் சுற்றும் மின்விசிறி.
எத்தனை நொடி என்று யாரும் எண்ணவில்லை.
அடங்கியது.
தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பொத்தானை அழுத்தினேன்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக
எதையும் செய்ததில்லை.

திரையில்
சுண்டுவிரலுக்குக் கீழே ஐந்தாவது எலும்பு,
கழுத்து முறிந்து தலை கவிழ்ந்து.
தெருக்கோடி வீட்டுக்காரன் மாதிரி ஒல்லியாக இருந்தான்.
எழுபத்தைந்தும் அவன் வாசலில்தான் போய் நின்றிருக்கிறது.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
மாடிக்கு வருவதை நிறுத்தவில்லை.
இடக்கையால் ஒற்றைக் குத்து விடுகிறான்,
விட்டுவிட்டு முழங்கையைத் திரும்பிப் பார்க்கிறான்.
என் முறைக்குப் போன் பிடிப்பது அவன்தான்.

நேற்று நான் எண்ணியது நாற்பத்தொன்று.
"நாப்பதுதான்" என்றான்.
மெதுவாக ஓட்டினோம், இன்னும் மெதுவாக.
முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில்
கை இங்கே இருக்கிறது,
அடுத்த படத்தில் அங்கே இருக்கிறது.
திரும்ப ஓட்டு என்றேன்.
கீழே கடையில் யாரோ
ஒரு டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.
திரும்ப ஓட்டினான்.