சிரிமிரி

மூன்று இரவு, இரண்டரைப் பகல்.
பெட்டியைத் திறந்தால் ஈரம்தான் முதலில் இறங்குகிறது
புக்கிட் பாத்தோக் பன்னிரண்டாம் மாடியில்.
ஹஸ்லிண்டாவிடம் இரவல் வாங்கிய குளிராடை
மூங்கில் கழியில் கைவிரித்துத் தொங்குகிறது,
கீழே பேருந்துக்கு ஓடுகிறவர்களை
நிறுத்தப் பார்ப்பதுபோல்.

சேந்தன் என் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்.
“அந்தத் தகரக் கட்டடம் எங்கே?
அதுக்குத்தானே பில்பாவோ?”
அதற்குத்தான்.
ஆம்ஸ்டர்டாமில் பயிற்சி முடிந்து
மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் அதற்குத்தான் எழுதிக் கொடுத்தேன்.
வரிசையில் நாற்பது நிமிடம்.
எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது.
அப்புறம் மழை. மழை என்றும் சொல்ல முடியாது,
குடை விரித்தால் வெட்கம்,
விரிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

பழைய ஊரின் ஏழு சந்துகளில்
மூன்றாவதோ நான்காவதோ,
ஒரு கதவுக்குள் ஒதுங்கினேன்.
சனிக்கிழமை முழுக்க அங்கேயே.
இதை அலுவலகத்தில் சொல்லவில்லை.

நெத்திலி, ஆலிவ், ஊறிய மிளகாய்,
எல்லாவற்றையும் குத்தி நிறுத்த ஒரு பல்குச்சி.
தின்றுவிட்டுக் குச்சியைத் தட்டில் வைக்க வேண்டும்.
போகும்போது எண்ணிக் காசு.
யார் எத்தனை தின்றார் என்று
எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
நான் பார்த்தேன்.
துவாஸ் துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிற கண்.

கடைக்காரி பெயர் இட்சியார்.
சன்னலைக் காட்டி “சிரிமிரி” என்றாள்.
சிரித்துவிட்டேன்,
சிரிக்கத்தான் சொல்கிறாள் என்று.
மழையைச் சொன்னாளாம்.
விழுந்தும் விழாததுமான இந்த மழையை.
உன் மொழியில்?

வாயைத் திறந்தேன்.
முதலில் வந்தது ட்ரிஸில்.
விழுங்கினேன்.
அடுத்து வந்தது கெரிமிஸ்,
இரவுப் பணியில் கண்ணாடியைப் பார்த்து
ஹஸ்லிண்டா சொல்வது.
அவள் ஆடையைப் போட்டிருந்ததாலோ என்னவோ.

“கெரிமிஸ்!” இட்சியாருக்கு ஒரே மகிழ்ச்சி.
சிரிமிரி, கெரிமிஸ், அக்கா தங்கச்சி மாதிரி இல்லையா?
அது என் மொழியில்லை என்று சொல்வதற்குள்
நாலு பேர் உள்ளே நுழைந்து குடையை உதறினார்கள்.
அவள் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.
உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல்
கெரிமிஸ், என்று சரிபார்த்தது.

தூறல்
ட்ராம் ஏறி, சீட்டைத் தேடி எடுத்து,
ஆற்றோரம் இரண்டு நிறுத்தம் போனபின் வந்தது.
இறங்கலாமா என்றிருந்தது.
விடியற்காலை விமானம். இறங்கவில்லை.
ஆக, அந்தச் சந்தில், அந்த ஒரு கடையில்,
தமிழில் இந்த மழைக்குக் கெரிமிஸ் என்று பெயர்.

“தூறல் மட்டுமா? சாரல் இருக்கு, தூவானம் இருக்கு…”
சேந்தன் அடுக்குகிறான்.
எல்லாம் வருகிறது அவனுக்கு,
காய்ந்த சோபாவில் உட்கார்ந்தால்.

மாலை நாலு. இடி.
இந்த ஊர் மழைக்குச் செல்லப்பெயரெல்லாம் கிடையாது,
வந்தால் எதிர் புளோக்கே காணாமல் போகும்.
கழியை இழுக்க ஓடுகிறேன்.
குளிராடை மறுபடியும் சொட்டச் சொட்ட.
பையில் கைவிட்டால் ஏதோ குத்துகிறது.

பல்குச்சி. ஒன்று.

நான் தின்றது பதினொன்று.
தட்டில் எண்ணியது பத்து.
பெட்டி எண்ணுகிற கண்ணாம்.

ராத்திரி கீழ்க்கடையில் சத்தே.
இங்கே காசு முன்னாலேயே, கைப்பேசியைக் காட்டினால் முடிந்தது.
குச்சியை யாரும் எண்ணுவதில்லை.
எண்ணினேன்.
சத்தே பத்து,
ஓரத்தில் உயரம் குறைந்த ஒன்று.
தட்டெடுக்க வந்த சீனப் பெண்மணி
ஒரே கையால் எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள்.

வெளியே வந்தால்
விளக்குக் கம்பத்தின் கீழ் மட்டும் தெரிகிற அளவுக்கு
இன்னும் விழுந்துகொண்டிருந்தது.
சேந்தன் அண்ணாந்து பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்,
சொல், என்பதுபோல்.