பங்களா ஸ்டாப்

கண்டக்டர் இன்னும் அப்படித்தான் கத்துகிறார்:
"பங்களா எல்லாம் இறங்கு."
இறங்குகிற ஏழு பேரில் ஒருவரும்
அதைப் பார்த்ததில்லை.

அப்பன்திருப்பதி தாண்டி, ரோட்டுக்கு மேற்கே
நாற்பத்தாறு பிளாட்.
என்னுடையது பத்தொன்பது.
செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினபோது
இரண்டடியில் ஒரு தரை வந்தது,
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரம், ஒரு கீறல் இல்லை.
கொத்தனார் இருளப்பன்
துண்டால் துடைத்துப் பார்த்தார்.
"சாப்பாட்டு ஹாலா இருக்கும்மா."
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வேங்கிடபதி மில் முதலாளி
இந்த இடத்தைக் காதால் தேர்ந்தெடுத்தார் என்பார்கள்.
ஷிப்ட் சங்கு ஊதுகிற நேரம் பார்த்துக்
காரை ஓட்டச் சொல்லி ஓட்டச் சொல்லி
எங்கே சத்தம் செத்ததோ
அங்கே இறங்கிச் செருப்பால் கோடு கிழித்தாராம்.
மலை தெரிகிற மாடி.
பஞ்சுத் தூசி தொடாத காற்று.
ஆனால் வேலியோரம் முன்பே ஓர் இலவமரம் இருந்தது.
பங்குனியில் காய் வெடித்தால்
மொட்டைமாடி முழுக்கப் பஞ்சு.

என் அப்பா சோணைமுத்து,
ப்ளோ ரூம், டோக்கன் 1127,
ஒரே ஒரு தடவை இங்கே வந்திருக்கிறார்.
முதலாளி மகள் கல்யாணத்துக்கு
நாற்காலி இறக்க, லாரியில் இருபது பேரோடு.
அறுபத்திரண்டு ஜன்னல் என்று எண்ணினது அவர்தான்.
ஹால் வாசல்வரை போய்
காலைக் குனிந்து பார்த்துவிட்டுத்
திரும்பிவிட்டார்.
"சாணி மிதிச்சிருந்தேன்."
அவ்வளவுதான் சொல்வார். மீதியை
இருமல் எடுத்துக்கொள்ளும்.

மில் பூட்டி, கேஸ் இருபத்தொரு வருஷம்.
தேக்குத் தூணெல்லாம் காரைக்குடி லாரியில் ஏறியது.
கம்பிகள் எடைக்கு.
செங்கலை ஊரே சுமந்தது;
இங்கே ஆட்டுக்கொட்டகைச் சுவர்கூட
ஒன்றரையடி கனம்.
செட்டில்மென்ட் செக் வந்தபோது
அப்பா போய்ப் பதினாலு மாசம்.
அதோடு என் வளையல் நாலும் சேர்ந்ததுதான்
பத்தொன்பதாம் நம்பர்.

"ஒடைக்கவா, தள்ளி வெட்டவா?"

குழிக்குள் இறங்கினேன்.
கழற்றலாமா என்று ஒரு நொடி,
பிறகு செருப்போடுதான் நின்றேன்,
நடுச் சதுரத்தில்.
மேலே பஸ் நின்றது. பங்களா, பங்களா என்று
கதவைத் தட்டினார்கள். கிளம்பிப் போனது.

"ஒடைங்க" என்றேன்.
"நாலு கல்லு மட்டும் நோகாம எடுத்து வைங்க.
துணி தொவைக்கிற எடத்துல போட்டா
வழுக்காது."