நான்காவது பல்

படுக்கை விரிப்புகளைச் சோதிக்கத்தான்
அந்த விளக்கு.
விடுதி முதலாளி வாங்கித் தந்த புற ஊதாக் கைவிளக்கு.
வந்து தங்கியவர்கள் எதை விட்டுப்போனார்கள் என்று
பகல் சொல்லாது,
இது சொல்லும்.
எது தெரிந்தாலும் முகம் சுளிக்காமல் உருவித் துவைக்க
ஆர்லிஸுக்குச் சம்பளம்.

நெப்ராஸ்காவின் வடமேற்கு மூலை. அக்டோபர் முடிகிறது.
நிலக்கரி ரயில் மேட்டில் ஏறும்போது
அறைதோறும் தண்ணீர்க் குவளைகள்
ஒன்றோடொன்று பேசும்.

ஆறாம் எண் அறைக்காரர் விடியுமுன்பே போய்விட்டார்.
குளியல் தொட்டியில் சாம்பல் நிறச் சேறு.
சன்னலோரம் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ.
பிரித்தாள்.
தாடை. உள்ளங்கைக்குள் அடங்குகிற தாடை.
கூடவே பென்சிலில் எழுதிய சீட்டு:
ஓரியோடான்ட். கீழ்வரிசை, இடப்பக்கம்.
மூன்று கோடியே முப்பது லட்சம் ஆண்டு.

ஆடும் இல்லை, பன்றியும் இல்லை.
மந்தை மந்தையாய் இந்தப் பக்கம் திரிந்து
வாரிசு இல்லாமல் முடிந்துபோன கூட்டம்
என்று பள்ளியில் படித்தது.
அசைபோடும்.
அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

திரையை இழுத்து மூடினாள். ஏனென்று கேட்டால் தெரியாது,
கையில் விளக்கு இருந்தது, அவ்வளவுதான்.

எலும்பு இருட்டிலேயே நின்றுவிட்டது.
பற்கள் மட்டும் எழுந்து வந்தன.
கடைவாய்ப் பற்களில் இரண்டிரண்டு பிறை,
சாம்பலை ஊதியதும் முகம் காட்டும் தணல்போல,
ஆனால் சூடில்லாமல்.
ஒரு பிறை மற்றதைவிட அதிகம் தேய்ந்திருந்தது.
ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாய்,
என்றாள் சத்தமாகவே.
எங்கே வலித்தது?

நான்காவது பல் எழவில்லை.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.
வேரைச் சுற்றிப் பால்நிற வளையம், பசை.
நகத்தால் சுரண்டினால்
பழுப்புச் சாயத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பொடி.
விலை குறையக் கூடாதென்று
யாரோ எங்கோ நிரப்பிய இடம்.

பல் போனால் சொல் போச்சு என்பதெல்லாம் மனிதருக்கு.
சொல்லே இல்லாத ஒன்றுக்குப்
பல் போனால் புல் போகும்.
புல்லோடு மற்றதும்.

அவள் குளியலறைக் கண்ணாடிக்குப் போனாள்.
விளக்கை மோவாய்க்குக் கீழே பிடித்து
ஈ என்றாள்.
எல்லாம் நீலவெளுப்பில் ஒளிர்ந்தன,
காப்பிக் கறையை மீறி, ஐம்பத்தெட்டு வயதை மீறி.
மேலே, முன்பக்கம்,
கன்று உதைத்த வேலிக்கதவு பறித்துப்போன இடத்தில்
ராப்பிட் சிட்டியில் பொருத்திய பீங்கான்,
பத்து மாதத் தவணை.
அது மட்டும் கறுப்பு.
ஆளில்லாத வீட்டில் திறந்து கிடக்கும் கதவுபோல.
அவளை முத்தமிட்டவர்கள்கூடக் கண்டுபிடித்ததில்லை.

தாடையைக் கன்னத்தோரம் தூக்கிப் பிடித்தாள்.
கண்ணாடியில் இப்போது இரண்டு வாய்,
இரண்டு ஓட்டை.
சிரிப்பு வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை.
ரயில் ஒன்று முழுதாய்க் கடந்துபோயிற்று.

மதியம் தொலைபேசி. பதற்றமான குரல்:
சன்னலோரம் ஒன்று வைத்தேனே, இருக்கிறதா?
இருக்கிறது.
உடையவில்லையே?
ஒன்றும் உடையவில்லை.
பற்கள்?
எத்தனை வந்ததோ அத்தனையும் இருக்கின்றன, என்றாள்,
உதட்டை அதிகம் விலக்காமல்.

இரண்டு தலையணை உறை சுற்றி
பெட்டியில் வைத்து ஒட்டினாள்.
தபால் செலவு
அவர் கணக்கில்.