காற்றைக் குறைத்தல்

தார் முடிகிற இடத்தில் இறங்கி
நாலு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டோம்.
மெகர்பானு வால்வுக்குள் சாவி நுனியை வைத்து அமுக்க
சீறுகிறது.
சீறும்போதெல்லாம் உப்பளத்துக் காவல் நாய்
எங்கிருந்தோ பதில் சொல்கிறது.
முப்பதிலிருந்து பதினாறு வரை.
பிதுங்கிக்கொண்டது டயர்
விருந்துச் சோறு தின்றவன் இடுப்பு மாதிரி.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் நான்.
வாரம் முழுக்க
'வண்டிப்பாதைக்கு மேற்கு
உப்போடைக்கு வடக்கு' என்று
பிறத்தியார் நிலத்தின் நான்குமால் வாசித்தே
கண் பூத்துப்போகும்.
எந்த வண்டி? எப்போது போனது?
கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியாது.
அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்
மீன்துறை ஏலத்தில் எடுத்த ஜீப்பில்
அந்தப் பாதைகள் இருக்கின்றனவா என்று
பார்த்துவிட்டு வருகிறேன்.

வாலிநோக்கம் தாண்டி முதலில் கருவைக்காடு.
இரண்டு பக்கமும் முள் கதவைக் கீறிக்கொண்டே வந்தது.
கண்ணாடிகளை மடக்கினோம்.
பிறகு கரிமூட்டங்கள்
ஆளில்லாமல் புகைந்துகொண்டு.
கிடை போட்டு எடுத்த இடத்தில்
வட்டமாகப் புழுக்கை.
அதற்கப்பால் பாதை மூன்றாகப் பிரிந்தது.
போனில் நீலப்புள்ளி
கடலுக்குள் நின்றது.
நடுப்பாதையில் விட்டேன்.

வெள்ளையாய், அப்பளம் போலத் தரை.
மெகர்பானு முன்னே நடந்து
குதிகாலால் தட்டிப் பார்த்து
வா என்று கை காட்டினாள்.
மனுசி பாரம் வேறு, ஜீப்பு பாரம் வேறு.
மேலோடு உடைந்து
கறுப்புச் சேறு பாதிச் சக்கரம் வரை
அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.
நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டேன்.
நாலும் சேர்ந்து புதைந்தன.

பனைமட்டை பொறுக்கிவந்து கொடுத்தோம்.
தின்றது.
கால்மிதிகளைக் கொடுத்தோம்.
அதையும்.

அப்போதுதான் ஒரு எக்ஸ்எல்.
முன்னால் ஒரு கரிமூட்டை, பின்னால் இரண்டு,
நடுவில்
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒருத்தி.
எங்களுக்கு இருபதடி தள்ளி
தடதடவென்று தாண்டிப் போனாள்.
போய் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை.

"ஏத்தா, இம்புட்டு எடங் கெடக்க
இந்தச் சகதிய எங்கிட்டுத் தேடிப் பிடிச்சீக?
உமரிச்செடி நிக்கிற பக்கம் தாங்கும்.
மொட்டையா மினுங்குனா எறங்கிரும்."

மூட்டைக்கடியில் செருகியிருந்த மண்வெட்டியை உருவி
எங்கள் பக்கம் எறிந்தாள்.
"மூட்டத்துல சாத்திவச்சிட்டுப் போங்க."
வண்டியின் முகப்பில்
ஹர்ஷன், ரித்திகா என்று எழுதியிருந்தது.
அவள் பெயர் எங்கும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் வெட்டினோம்.
வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது.
நான் மனசுக்குள் எழுதிக்கொண்டேன்:
பார்வைக்கு இன்னும் வராத கடலுக்கு வடக்கு
ஆளில்லாக் கரிமூட்டத்துக்குத் தெற்கு
எக்ஸ்எல் போன தடத்துக்குக் கிழக்கு
மெகர்பானுவின் வசவுகளுக்கு மேற்கு
இதற்குட்பட்ட நாலு குழியும்
அதில் ஊறும் உப்புத்தண்ணீரும்
எங்களுக்கே பாத்தியம்.

ஒருவழியாகப் பின்னால் எடுத்து
உமரி பார்த்து உமரி பார்த்து ஓட்டினேன்.
கடல் வந்தது.
ஐந்து நிமிடம் நின்றோம்.
மெகர்பானு ஷூவைக் கழுவிக்கொண்டாள்.

சாயல்குடி பங்கில் காற்றடிக்கிற பையன்
டயரைத் தட்டிவிட்டு
"எங்கக்கா போயிட்டு வர்றீங்க?" என்றான்.
ஊர் பெயர் சொல்ல முடியவில்லை.
"மேற்கே" என்றேன்.

திங்கட்கிழமை முதல் பத்திரம்
ஒப்பிலானிலிருந்து இபுராம்சா.
புஞ்சை இரண்டு ஏக்கர், வண்டிப்பாதைக்கு மேற்கு.
வாசித்துக்கொண்டே வந்தவள்
நிறுத்தி
"பாதையில் உமரி நிற்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மகனைப் பார்த்தார்.
மகன் போனைத் திறந்து
விரலால் அகட்டி அகட்டி
நீலப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தான்.