படகின் வாய்

ரயேனுக்கு இரண்டு வயது நாலு மாதம்.
காலை ஏழு மணிக்குள்
ஒரு முழு ரொட்டி, இரண்டு முட்டை,
நான் கடித்து வைத்த ஆப்பிளின் மிச்சம்.
அப்புறம் மேசைக்கடியில் உட்கார்ந்து
மீன்தலைக்காகப் பூனையோடு பேரம்.

அவள் முதலில் பேசிய சொல்
அம்மா இல்லை. அப்பா இல்லை.
இன்னும்.

தட்டு காலியாவதற்குள் இன்னும்.
தட்டு வருவதற்கு முன்பே, சில நாள்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றால்
என்னவென்று
எங்கள் சம்பளக் கவரைத் திறந்தால் தெரியும்.

எலாதியோ ரொட்டிக் கூடையைத் தூக்கி
ஃபிரிட்ஜின் தலையில் வைத்தான்.
மறுநாள் நாற்காலி இடம் மாறியிருந்தது.
அலமாரிக்குள் வைத்துக் கயிறு கட்டினான்:
சிப்பிப் பண்ணையில் அவன் போடும் முடிச்சு,
சிலோயேத் தீவின் புயலுக்கே அவிழாதது.
அவளும் அவிழ்க்கவில்லை.
அலமாரி முன்னால் உட்கார்ந்து
அழாமல்
கயிற்றின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
மாலையில் வந்து பார்த்தவன்
கத்தியை எடுத்து
தன் முடிச்சைத் தானே அறுத்தான்.

பக்கத்து வீட்டு எர்மினியா
யார் கண்ணும் படாதிருக்க
மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள்.
கட்டிய கை எடுக்குமுன்னே சொன்னாள்:
'பொம்பளைப் பிள்ளை. இப்பவே அடக்கி வை.'
அவள் பேரன் மூணாவது கிண்ணம் நீட்டினால்
'ஆம்பளை, வளரட்டும்' என்பவள்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ரயேன் திறந்தாள்.
நூலில் பாதியைக் காணோம்.

சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள்.
செவிலி மாக்லி அட்டையில் ஒரு புள்ளி வைத்து
'கோட்டுக்குள்தான் ஓடுகிறாள்,
பயப்பட ஒன்றுமில்லை' என்றாள்.
'வயிறு நிறைந்த சேதி தலைக்குப் போக
இருபது நிமிடமாகும்.
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில்
எதையாவது காட்டு.
அதற்குப் பிறகும் கேட்டால், கொடு.
அது பசிதான்.'

எதைக் காட்டுவது?
ஜன்னலில் மழை. மழைக்குப் பின்னால் மழை.
அதற்கும் பின்னால் துறை,
வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகு.

படகு வாயைத் திறந்தது.
சால்மன் லாரி உள்ளே போனது.
ரயேன் கரண்டியைக் கீழே வைத்தாள்.
உருளைக்கிழங்கு லாரி.
பால் வண்டி.
ஒரு பேருந்து, ஆட்களோடு.
அதையுமா என்று என்னைப் பார்த்தாள்.
'இன்னும்' என்றாள்,
முதல் தடவையாக வேறொரு வயிற்றுக்காக.

ஆரஞ்சு மேல்சட்டைக்காரர்
உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.
கடைசியாய் நின்ற சிறு வண்டி
ஹாரன் அடித்துப் பார்த்தது.
கை இறங்கவில்லை.
வாய் மூடியது.
ரயேன் ரொம்ப நேரம் யோசித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் கடிகாரம் அதுதான்.
சில நாள் படகு கிளம்புவதற்குள்
இரண்டாம் தட்டை மறந்துபோவாள்.
சில நாள், 'படகு போச்சு, கிழங்கு எங்கே?'
கொடுத்துவிடுவேன்.
மூடுபனி நாளில் படகும் இல்லை, துறையும் இல்லை;
வெள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே
இரண்டு பேரும் கிடைத்ததைத் தின்போம்.
ஒன்று சொல்ல வேண்டும்:
அந்த இருபது நிமிடத்தில்தான்
இரண்டு வருடத்துக்குப் பிறகு நான்
உட்கார்ந்து, சூடாக,
ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை.
கேரட் சூப் வைத்தேன், கடற்பாசி நறுக்கிப் போட்டு.
மூன்றாவது வாய் ஊட்டப் போனபோது
சின்ன உள்ளங்கை எழுந்தது,
விறைப்பாக, துறைக்கே அதிகாரி மாதிரி.
'போதும்.'

என் காதையே நம்பாமல்
எலாதியோவுக்குப் போன் போட்டேன்.
அவன் நடுக்கடலில், கை ஈரம், எடுக்கவில்லை.
மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது
திரும்பிப் பார்க்கிறேன்:
ஒரு கை சூப்பை மறித்தபடியே இருக்க
இன்னொரு கை
விரல்களை மடக்கி மடக்கி
ரொட்டிக் கூடையை அழைக்கிறது.
வா, வா,
நேரே வா,
இன்னும் ஒரு வண்டிக்கு இடமிருக்கிறது.